ஜனவரி ரத்தம்

அத்தியாயம் 11

அல்சூர் ஏரிக்கரையில் சுந்தரமூர்த்தி உட்கார்ந்துவிட்டார் என்ற செய்தி, அவர் வீடு திரும்புவதற்கு முன்பே ஜோகுபாளையம் வந்து சேர்ந்திருந்தது. காலை நடைக்குப் போகிறவர்கள் உட்காருவது அதிசயமில்லை. ஆனால் அவர் பெஞ்சில் உட்காரவில்லை. மண்ணில் உட்கார்ந்தார். நெஞ்சு நடுவே செங்கல்லை வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கிறது என்று கூட நடந்த கிருஷ்ணப்பாவிடம் சொன்னார். வீட்டுக்கு வந்து ஒரு சோடா குடித்து ஏப்பம் விட்டதும் செங்கல் வாயுவாகிவிட்டது.

அது போன வாரம்.

அதற்குப் பிறகு தாரணி அப்பாவை விடவில்லை. அவள் ராத்திரி வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறாள். அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் காதில் மாட்டிக் கேட்டு டைப் அடிக்கிற வேலை. அதில் அவள் கற்றுக்கொண்டது ஒன்றுதான். நோயாளிகள் எல்லாரும் மறுப்பார்கள். அதை டாக்டர்கள் ஒரே வார்த்தையில் சொல்வார்கள், டினைஸ். நெஞ்சு வலி, டினைஸ். சிகரெட், டினைஸ். குடி, டினைஸ். அடுத்த பத்தியில் அதே ஆள் ஆபரேஷன் மேஜையில் கிடப்பான். ஒரு நாள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வந்தவள் திரும்பப் போகவில்லை. காரணம் யாருக்கும் சொல்லவில்லை. தூக்கம் மட்டும் இன்னும் திரும்பி வரவில்லை.

"ஜனவரியிலதானே டெஸ்டுக்கு ரத்தம் குடுத்தேன்? எல்லாம் நார்மல். வருஷா வருஷம் நார்மல்" என்பார் சுந்தரமூர்த்தி.

அது பொய்யில்லை. தொழிற்சாலையில் இருந்த காலத்திலும், விருப்ப ஓய்வு வாங்கி வந்த பிறகும், அவருடைய ரிப்போர்ட்டைப் பார்த்து எந்த டாக்டரும் புருவத்தைத் தூக்கியதில்லை. தினமும் பொழுது சாய்ந்ததும் எவர்சில்வர் டம்ளரில் பிராந்தி ஊற்றிக்கொள்கிற மனுஷனுக்கு இப்படி ஒரு ரத்தமா என்று தாரணிக்கே சில சமயம் பொறாமையாக இருக்கும்.

இந்தத் திங்கட்கிழமை காலை, வம்பு செய்து அவரை லேப்புக்கு இழுத்துக்கொண்டு போய் ரத்தம் எடுக்க வைத்துவிட்டாள். ஜனவரி இல்லாத ஒரு மாதத்தில் அவர் ரத்தம் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

பதினோரு மணி வாக்கில் லேப்பிலிருந்து போன் வந்தது. ரிப்போர்ட்டை வாங்க நேரில் வரச் சொன்னார்கள்.

லேப்பில் மதலைமுத்து என்கிற ஆள் ஒரு கண்ணாடிக் குழாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினான்.

"பாருங்க மேடம். கீழ செவப்பா இருக்குதே, அது அணுக்கள். மேல தெளிவா, லேசா மஞ்சளா நிக்கணும். இங்க பாருங்க."

மேலே நின்றது பால். தண்ணீர் கலந்த பாக்கெட் பால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. குழாயின் மறுபக்கம் அவன் விரல் தெரியவில்லை.

"இது என்ன?"

"கொழுப்பு. ட்ரைகிளிசரைட் அறுநூத்தி நாப்பது. நூத்தம்பதுக்குக் கீழ இருக்கணும். இவ்ளோ இருந்தா கெட்ட கொலஸ்ட்ராலைக் கணக்குப் போட முடியாது. அந்தக் கட்டத்தைக் காலியா விட்டிருக்கேன்." குழாயை ஸ்டாண்டில் வைத்தான். "உண்மையச் சொல்லுங்க மேடம். ஐயா சாப்ட்டுட்டுதானே வந்தாரு?"

"சாப்பிடல."

"நைட்டு லேட்டா?"

"நைட்டு தட்டே எடுக்கல."

இதுவும் பொய்யில்லை. அப்பா தட்டை எடுக்கவில்லை. பட்டினியாக வரச் சொன்னார்கள் என்று சொன்னதும் முந்தின நாள் சாயந்தரம் ஆறு மணிக்கே சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டார். டம்ளரை மட்டும் எடுத்தார். பிராந்தி அவர் கணக்கில் சாப்பாடு இல்லை. தண்ணீர் குடிக்கலாம் என்றுதானே சொன்னார்கள். அவரும் தண்ணீர் கலந்துதான் குடித்தார்.

மதலைமுத்துவிடம் அதைச் சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. ரிப்போர்ட்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். பாதி வழியில்தான் உறைத்தது. டினைஸ் என்ற வார்த்தையை இவ்வளவு நாள் அடுத்தவர்களுக்காக டைப் அடித்தவள், இன்று தானே சொல்லிவிட்டு வருகிறாள்.

வீட்டு வாசலில் கிருஷ்ணப்பா சைக்கிளை ஒரு காலில் தாங்கிக்கொண்டு நின்றிருந்தார். தொழிற்சாலையில் சுந்தரமூர்த்தியோடு ஒரே ஷாப்பில் வேலை பார்த்தவர். ஒரே நாளில் ஓய்வு வாங்கியவர்.

"யாக்கே சாமி, ஒரு வாரமா வாக்கிங் பரல்வா, வரலியா? ஏரி உங்கள கேக்குது."

"இவ விட மாட்டேங்கறா கிருஷ்ணப்பா. என் ரத்தத்தையே உறிஞ்சிட்டா" என்றார் சுந்தரமூர்த்தி, உள்ளே வந்த மகளைக் காட்டி. "எங்க, குடு அதை."

ரிப்போர்ட்டை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ் வரை பார்த்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது. முகம் மலர்ந்தது. சமையலறையில் இருந்த மனைவியைக் கூப்பிட்டார்.

"தமயந்தி, இங்க வா. ஹெச்.டி.எல். நல்ல கொலஸ்ட்ரால். நாப்பதுக்கு மேல இருந்தா போதும்னு போட்டிருக்கான். எனக்கு எவ்ளோ தெரியுமா? அம்பத்தெட்டு."

"நான் ஹேளிதேனல்லா, அப்பவே சொன்னேனே?" என்றார் கிருஷ்ணப்பா வாசலில் இருந்தே. "ஃபிரான்ஸ்ல டெய்லி குடிக்கிறான், வெண்ணெயும் திங்கிறான், ஹார்ட் அட்டாக் கம்மி. பேப்பர்லயே வந்துச்சு. லிமிட்ல இருந்தா ஏனூ ஆகல்ல, ஒண்ணும் ஆகாது."

"அதுக்கு மேல் வரியையும் படிங்க" என்றாள் தாரணி.

"படிச்சேன். அது காலையில காபி குடிச்சதால இருக்கும்."

"காபி குடிச்சீங்களா?"

"குடிக்கணும்னு நெனச்சேன்."

கிருஷ்ணப்பா சிரித்துவிட்டு சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார். தாரணி சிரிக்கவில்லை.

"அஞ்சு மணிக்கு டாக்டர்கிட்ட போறோம். அனந்தபத்மநாபன். போன்ல பேசிட்டேன்."

சுந்தரமூர்த்தியின் கையில் ரிப்போர்ட் மடங்கியது.

"அவர் வேணாம்."

"ஏன்? பெரிய ஹார்ட் டாக்டர். உங்க பேரைச் சொன்னதும் இன்னிக்கே வாங்கன்னாரு. வேற யாரா இருந்தாலும் அடுத்த வாரம்தான்."

"வேணாம்னா விடேன். போன கார்த்திகையில அந்த மனுஷன் கழுத்துல மாலை போட்டவன் நான்."

அதுதான் விஷயம். வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் அவர் சுந்தரமூர்த்தி. கார்த்திகை பிறந்தால் குருசாமி. ஜோகுபாளையத்திலிருந்து சபரிமலைக்குப் போகிற குழுவில் யார் மாலை போடுவதானாலும் அவர் கையால்தான். அன்றிலிருந்து மகரஜோதி பார்த்துவிட்டு மலை இறங்குகிற வரை அவர் ஒரு சொட்டு தொட மாட்டார். விரதத்தின் முதல் வாரம் அவர் கை நடுங்கும். பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு வந்தும் நெற்றியில் வேர்க்கும். தீபாராதனைத் தட்டைப் பிடித்த கை ஆடுவதைப் பார்த்து, சாமி இறங்கியிருக்கிறது என்று தெருவே கன்னத்தில் போட்டுக்கொள்ளும். அது எது இறங்கியதால் வந்த நடுக்கம் என்று யாரும் கேட்டதில்லை. வீட்டிலும் கேட்டதில்லை.

தாரணி சமையலறைக்குப் போனாள். தமயந்தி ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் குடியைப் பத்திக் கேட்டா நீ என்னம்மா சொல்லுவ?"

"எப்பவாவதுன்னு சொல்லுவேன்."

"எப்பவாவதா?"

"எல்லா வீட்லயும் அப்படித்தான்டி சொல்றாங்க." புளிச்சக்கையைப் பிழிந்து போட்டாள். "என்ன பண்ணிட்டாரு இப்போ? கை நீட்டி அடிச்சாரா? தெருவுல விழுந்து கெடந்தாரா? உன்னைப் படிக்க வெக்கலயா? கார்த்திகை வந்தா டக்குனு நிறுத்திடறாரு. நிறுத்த முடிஞ்சவனை யாராவது குடிகாரன்னு சொல்லுவாங்களா?"

"மலையிலிருந்து வந்தன்னிக்கு டம்ளரை யாரு எறக்கித் தர்றது?"

தமயந்தி கரைத்த புளியை அடுப்பில் ஏற்றினாள். தாரணி கேட்டது இருவருக்கும் தெரிந்த விஷயம். மாலை போடுகிற நாளன்று அந்த டம்ளரைக் கழுவித் துடைத்துப் பரணில் வைப்பது தமயந்தி. அவர் மாலையைக் கழற்றி, பக்கத்து வீடுகளுக்கு அரவணைப் பாயசம் கொடுத்தனுப்பிவிட்டு உட்காரும்போது, ஸ்டூல் போட்டு ஏறி அதை இறக்குவதும் அவள்தான். சோடாவோடு சேர்த்து முன்னால் வைப்பாள். நல்லபடியாக மலைக்குப் போய் வந்த கணவனுக்குச் செய்கிற மரியாதை மாதிரி. யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை. பழகிவிட்டது.

"அந்த ரெண்டு மாசந்தான்டி எனக்கு வீடு வீடா இருக்கும்" என்றாள் கடைசியில், அடுப்பைப் பார்த்தபடி. "சாயந்தரம் அஞ்சுக்குத்தானே? கெளம்பறேன்."

டாக்டர் அனந்தபத்மநாபன் எழுந்து நின்று வரவேற்றார். சுவரில் நிறைய சான்றிதழ்கள். மேஜையில் சின்னதாக ஒரு ஐயப்பன் படம். அதைப் பார்த்ததும் சுந்தரமூர்த்தியின் முதுகு தானாக நிமிர்ந்தது.

"வாங்கோ சாமி. சாமி சரணம். நீங்க சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே."

"சாமி சரணம் டாக்டர். பொண்ணு பயப்படறா, அதான்."

மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். பழைய ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் தமயந்தி ஒரு பைலில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். டாக்டர் புதியதை மட்டும் எடுத்துப் பார்த்தார். புருவத்தைத் தூக்கினார். சுந்தரமூர்த்தியின் வாழ்க்கையில் முதல் தடவை.

"சாம்பிள் பால் மாதிரி இருந்துதுன்னு எழுதியிருக்கான். பட்டினியாதானே கொடுத்தேள்?"

சுந்தரமூர்த்தி மகளைப் பார்க்கவில்லை.

"இல்லீங்க டாக்டர். தப்புதான். பக்கத்து வீட்ல ஒரு விசேஷம். பிரியாணி. விட மாட்டேன்னுட்டாங்க. லேட்டா சாப்ட்டேன்."

தாரணி அவர் முகத்தையே பார்த்தாள். சாப்பிடாததைச் சாப்பிட்டதாகச் சொல்கிறார். அதுவும் கூசாமல், பிரியாணி என்று பேர் வைத்து.

"அதானே பாத்தேன்." டாக்டரின் முகம் இளகியது. "அப்போ இதை வெச்சுண்டு ஒண்ணும் சொல்ல முடியாது. அடுத்த வாரம் சரியா பட்டினி இருந்து திரும்பக் கொடுங்கோ. நெஞ்சு வலி ஏதாவது உண்டா?"

"இல்லீங்க."

"நடந்தா, மாடி ஏறினா?"

"வாயு டாக்டர். வயசாச்சே."

தாரணியின் விரல்கள் மடியில் தானாக அசைந்தன. டினைஸ். டினைஸ்.

"சிகரெட், டிரிங்க்ஸ் எல்லாம் உங்ககிட்ட கேக்கவே கூடாது" என்று சிரித்துக்கொண்டே டாக்டர் கேஸ் ஷீட்டில் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்தார்.

அந்தக் கோட்டைத்தான் தாரணியால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இன்னும் ஒரு நிமிஷத்தில் எல்லாரும் எழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே போவார்கள். வாயு மாத்திரை வாங்குவார்கள். ஏழு மணிக்கு டம்ளர் வரும். நாளைக் காலையில் அவர் மறுபடி ஏரிக்குப் போவார். இந்தத் தடவை உட்கார்ந்தால் எழுந்திருப்பாரா என்று யாருக்குத் தெரியும்?

"அவர் ராத்திரி ஒண்ணும் சாப்பிடல டாக்டர். குடிச்சாரு."

"தாரணி" என்றார் சுந்தரமூர்த்தி.

"தினமும் குடிக்கிறாரு. பிராந்தி. போன வாரம் ஏரிக்கரையில நெஞ்ச அழுத்துதுன்னு மண்ணுல உக்காந்துட்டாரு. அதையும் சொல்ல மாட்டாரு."

சுந்தரமூர்த்தி மெதுவாகச் சிரித்தார். அவ்வளவு அன்பான சிரிப்பை அவரிடம் அவள் பார்த்ததில்லை.

"வேலையை விட்டதுல இருந்து இவளுக்குத் தூக்கம் கெடையாது டாக்டர். ராத்திரியெல்லாம் முழிச்சிட்டு உக்காந்திருப்பா. ஏதாவது இப்படிப் பேசிடறா. இவளுக்கே ஒரு மாத்திரை எழுதிக் குடுத்தீங்கன்னா நல்லது."

தான் சொன்னதை யாராவது நம்புவார்களா என்று அந்தக் கணத்தில் தாரணிக்கே சந்தேகம் வந்தது. டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மூன்றாவது நாற்காலியைப் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்கோம்மா."

தமயந்தி மடியில் இருந்த பைலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். புருஷன் ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம். இரண்டு பேரையும் விட்டுக்கொடுக்காத ஒரு வார்த்தையை அவள் தேடினாள். கிடைத்துவிட்டது என்று நினைத்தாள்.

"ஜனவரியில குடிக்க மாட்டாருங்க" என்றாள்.

அவளே தொடர்ந்தாள். புருஷனுக்காக வாதாடுகிற குரல் அது.

"கார்த்திகை ஒண்ணாந்தேதி நிறுத்தினா மலையிலிருந்து வர்ற வரைக்கும் தொட மாட்டாருங்க. சுத்தமா இருப்பாரு. வேணும்னா இதையெல்லாம் பாருங்க. ஒண்ணுல கூட ஒரு குறை இருக்காது."

பைலை மேஜை மேல் வைத்தாள். டாக்டர் புரட்டினார். ஒரு தாளைப் பார்த்தார், இன்னொன்றைப் பார்த்தார். எண்களைப் பார்க்கவில்லை. மேல் மூலையில் இருந்த தேதியை மட்டும் பார்த்தார். பேனாவை மூடி வைத்தார்.

"எல்லாம் ஜனவரி."

"மலையிலிருந்து வந்தன்னிக்குக் காலையிலயே, மாலையைக் கழட்டறதுக்கு முன்னாடி குடுப்பேன்" என்றார் சுந்தரமூர்த்தி. இதில் மறைக்க என்ன இருக்கிறது என்பது போல. "ரத்தம் குடுக்கறதுன்னா உடம்பு சுத்தமா இருக்க வேணாமா டாக்டர்?"

அவர் தந்திரமாகச் சொல்லவில்லை. அதைத்தான் தாரணியால் தாங்க முடியவில்லை. டாக்டரிடம் போகும்போது துவைத்த பனியன் போட்டுக்கொண்டு போகிற ஆள் அவர். அதே மாதிரி, துவைத்த ரத்தத்தைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார், வருஷா வருஷம். கார்த்திகையும் மார்கழியும் பட்டினி போட்டு வெளுத்த ரத்தம். மற்ற நாட்களில் உடம்புக்குள் ஓடிய ரத்தத்தை யாரும் பார்த்ததே இல்லை.

"குடியை நிறுத்தினா இந்தக் கொழுப்பு சில வாரத்துல எறங்கிடும்" என்றார் டாக்டர். "ஆரம்பிச்சா ஏறிடும். நீங்க எறங்கினப்போ மட்டும் அளந்து பாத்திருக்கேள்."

"ஆனா அம்பத்தெட்டு இருக்கே டாக்டர். நல்ல கொலஸ்ட்ரால்."

"இருக்கு." டாக்டர் பைலில் மேலே இருந்த தாளைப் பார்த்தார். "ஜனவரியில நாப்பத்திமூணு, இப்போ அம்பத்தெட்டு. குடிச்சா அது ஏறும். நீங்க சொல்றது வாஸ்தவம்தான்." டாக்டர் அதை மறைக்கவில்லை. "கொஞ்சமா குடிக்கிறவாளுக்கு அட்டாக் குறைச்சல்னு ஆராய்ச்சியும் வந்திருக்கு. அது குடியாலயா, இல்ல அவா வாழற விதத்தாலயான்னு இன்னும் சண்டை போட்டுண்டிருக்கா. அவா சொல்ற கொஞ்சம் உங்க டம்ளர்ல அடி நனையற அளவு. அதே குடி இன்னொரு பக்கம் கொழுப்பை அறுநூத்துக்கு ஏத்தியிருக்கு. பிரஷரையும் ஏத்தியிருக்கும். ஒரு நல்ல நம்பரைப் பாத்து மத்ததை எல்லாம் மன்னிச்சுட முடியுமா?"

பிரஷர் பார்த்தார். எண்ணைச் சொல்லவில்லை, உதட்டைப் பிதுக்கினார். பக்கத்து அறையில் படுக்க வைத்து இ.சி.ஜி. எடுத்தார்கள். அந்த நீளத் தாளை டாக்டர் விரல்களுக்கு நடுவே ஓட விட்டுப் பார்த்தார். ஒரு இடத்தில் நிறுத்தி, திரும்பவும் பார்த்தார்.

"சின்ன மாற்றம் இருக்கு. நாளைக்குக் காலையில அட்மிட் பண்ணிடலாம். ஆஞ்சியோகிராம் பண்ணி, அடைப்பு எங்க, எவ்வளவுன்னு பாத்துடலாம். இன்னிக்கு ராத்திரி வலி வந்தா இந்த மாத்திரையை நாக்கடியில வெச்சுக்கணும். கை நடுங்கினாலோ, வேர்த்துக் கொட்டினாலோ, ஆட்டோ பிடிச்சு நேரா வந்துடணும். காலை வரைக்கும் காத்திருக்கக் கூடாது. ஏணி, மாடி, பளு தூக்கறது, ஒண்ணும் வேண்டாம். குடி ஒரு சொட்டு கூடாது."

சுந்தரமூர்த்தி தலையாட்டினார். எழுந்து வாசல்வரை போய், பழக்கத்தில் திரும்பி நின்றார். பூஜை முடிந்து விடைபெறும்போதெல்லாம் டாக்டர் கை கூப்புவார்.

"நான்கூட உங்களை ஜனவரி வரைக்குந்தான் பாத்திருக்கேன்" என்றார் டாக்டர். குரலில் கோபம் இல்லை. "காலையில வந்துடுங்கோ, மிஸ்டர் சுந்தரமூர்த்தி."

மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் திரும்பினார்கள். மாத்திரைக் கடையில் தாரணி இறங்கி வாங்கினாள். பழைய மெட்ராஸ் ரோட்டு நெரிசலில் ஆட்டோ நின்று நின்று போனது. சுந்தரமூர்த்தி வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். வீட்டு வாசலில் இறங்கும்போது மட்டும் சொன்னார்.

"சாமின்னு கூப்பிடல, பாத்தியா?"

அடைப்பைப் பற்றி அவர் கேட்கவில்லை. நாளைய ஆஸ்பத்திரியைப் பற்றிக் கேட்கவில்லை. இதுதான் அவர் நெஞ்சில் நின்றது.

விளக்கு வைத்தாயிற்று. பக்கத்து வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய நேரம். நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார், உட்கார்ந்தார். தமயந்தி அலமாரியிலிருந்து டம்ளரை எடுத்தாள். ஆனால் அவள் அதை நாற்காலிப் பக்கம் கொண்டுபோகவில்லை. கழுவினாள். முந்தானையில் துடைத்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, பரணில், தகர டப்பாக்களுக்குப் பின்னால் தள்ளி வைத்தாள்.

"என்ன பண்ற?"

"பாத்தா தெரியல?"

"நான் மாலை போடல."

"தெரியும்."

"மாலை போடாம அது மேல போனதில்ல இந்த வீட்ல."

"அப்போ போட்டுக்கோங்க." தமயந்தி ஸ்டூலிலிருந்து இறங்கி நின்றாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. "ஆனி மாசமா இருந்தா என்ன? சாமி வேணாம்னு சொல்லுவாரா? நாளைக்கு விடியக்காலையில கோயில்ல வெச்சுப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவோம். மாலை இருந்தா உங்களால முடியும். நான் பாத்திருக்கேன்."

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"ரத்தத்துல கொழுப்பு ஏறிடுச்சுன்னு மாலை போடச் சொல்றியா? எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போடுவேன்? எனக்கு யாரு போட்டு விடுவா? அந்த டாக்டரா?"

"அப்போ மாலை இல்லாம நிறுத்துங்க."

"நிறுத்தறேன். நாளைக்கு." குரலைத் தணித்தார். கெஞ்சுகிற மாதிரி ஆகிவிட்டது. "கார்த்திகைக்கு முந்தின நாள் உண்டுதானே எப்பவும்? மறுநாள்லருந்து தொட மாட்டேன்ல? என்னிக்காவது மீறியிருக்கேனா? எறக்கிக் குடு. இன்னிக்கு ஒண்ணு. அவ்ளோதான்."

தமயந்தி சமையலறைக்குள் போய்விட்டாள். பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. கழுவுவதற்குப் பாத்திரம் எதுவும் இல்லை என்று தாரணிக்குத் தெரியும்.

சுந்தரமூர்த்தி வேட்டியை மடித்துக் கட்டினார். ஸ்டூலைப் பரணுக்கு நேராக நகர்த்தினார்.

"ஏறாதீங்கப்பா. டாக்டர் என்ன சொன்னாரு?"

"நீ சொல்லிட்டல்ல டாக்டர்கிட்ட? சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாச்சுல்ல?" ஒரு காலைத் தூக்கி வைத்தார். "இப்போ ஸ்டூலையாவது பிடி."

அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை. பிடிக்காவிட்டால் ஆடும். இழுத்துக் கீழே இறக்கலாம் என்று கையை நீட்டினாள். அதற்குள் அவர் இரண்டாவது காலையும் வைத்துவிட்டார். இனி இழுத்தால் விழுவார். தாரணி குனிந்து இரண்டு கையாலும் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவின் கணுக்கால் அவள் முகத்துக்கு நேராக இருந்தது. பிராந்தி டம்ளரை எடுக்கப் போகிறவருக்கு ஸ்டூல் பிடிக்கிறோம் என்று நினைத்தாள். அம்மாவுக்கு இது எப்படிப் பழகியது என்பதும் புரிந்துவிட்டது.

மேலே தகர டப்பா நகர்ந்தது. இன்னொன்று நகர்ந்தது. டம்ளர் உருளும் சத்தம் கேட்டது.

"கெடைச்சிடுச்சா?"

பதில் வரவில்லை.

அவள் புறங்கையில் ஒரு சொட்டு விழுந்தது. வேர்வை. ஜில்லென்று இருந்தது. இன்னொரு சொட்டு விழுந்தது. ஸ்டூல் நடுங்க ஆரம்பித்தது. அவள் அழுத்திப் பிடித்தும் நடுக்கம் நிற்கவில்லை. மாத்திரை டிவி மேல் இருந்தது. கைக்கு எட்டாது. கையை எடுத்தால் அவர் விழுவார்.

"அப்பா."

"தாரணி." மேலிருந்து வந்த குரல் அவருடையது மாதிரியே இல்லை. மூச்சைத் தேடித் தேடிப் பேசியது. "அந்தச் செங்கல்லு."

சமையலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"வாயு இல்லம்மா" என்றார் சுந்தரமூர்த்தி.